‘கணக்குக் காட்டு’: ஒரு கேள்வி பிறந்த கதை

ஏ9 வீதியில் வவுனியாவைக் கடந்து வடக்கே போகும் பேருந்துகள் இப்போது ஓமந்தையில் ஆள் ஏற்றி இறக்குவதற்கு மட்டுமே நிற்கின்றன. 2015 ஓகஸ்ட் மாதக் கடைசியில் அங்கிருந்த சோதனைச் சாவடி எடுக்கப்பட்டது. வயலும் பனையும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவுமாக ஊர் தன் பாட்டில் இருக்கிறது. இன்று இருபது வயதாகும் பிள்ளைக்கு அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் தெரியும். ஆனால் அங்கே உருவெடுத்த ஒரு கேள்வி ஜெனீவா மண்டபங்கள் வரைக்கும், லண்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் போய்விட்டது. கொழும்புத் தொலைக்காட்சி விவாதங்களிலும் வவுனியாத் தேநீர்க் கடைகளிலும் இன்றைக்கும் அதைக் கேட்கிறார்கள்: “செத்தது எத்தனை பேர்? கணக்குக் காட்டு.”

கேட்கிறவர் உண்மையை அறிய விரும்பினால் இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. ஒரு மனிதன் செத்தால் அது எண்ணப்பட வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி பதினாறு, பதினேழு வருடமாகக் கேட்கப்படும் விதத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. எண்ணக்கூடியவர்களை முதலில் அப்புறப்படுத்திவிட்டு, எண்ணியவர்களின் வாயை அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்வி இது. சாவுகளுக்கு முன்பே இதற்கு அத்திவாரம் போட்டாயிற்று. அந்த வேலை நடந்த ஒழுங்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஓமந்தை எப்போதும் எல்லையூராகத்தான் இருந்தது. 1997 மே 13 ஆம் திகதி வவுனியாவிலிருந்து ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கை தொடங்கியபோது முதலில் இராணுவத்தின் கைக்குப் போன ஊர்களில் அதுவும் ஒன்று. 1999 நவம்பரில் புலிகள் அதைத் திரும்பப் பிடித்தார்கள். 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானபின் வன்னிக்குள் போவதற்கான தெற்கு வாசல் அதுவேயானது. பேருந்தால் இறங்கி, பையை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிந்து, இராணுவப் பக்கத்தைக் கடந்தால் நடுவே ஒரு சூனியப் பிரதேசம். அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி. அதைத் தாண்டினால் புலிகளின் சாவடி; மறுபடியும் பை, மறுபடியும் பதிவு, கொண்டுபோகிற சாமானுக்கு வரி. ஒரே ஆளின் பெயரை அரைநாளுக்குள் இரண்டு தரப்பும் எழுதிக்கொண்ட இடம் அது. வன்னிக்குள் போன அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்ப் பரலும் எத்தனை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் எண்ணிக்கை இல்லாமல் எதுவுமே கடக்க முடியாதிருந்த இடம் ஒன்று உண்டென்றால் அது ஓமந்தைதான்.

2008 செப்டெம்பரில் அரசாங்கம் ஐ.நா. அமைப்புகளையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி, போகவேண்டாம் என்று மன்றாடியது. அந்தச் சனத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்திருக்கத் தேவையில்லை. பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 16 ஆம் திகதியளவில் வெள்ளை வாகனங்கள் தெற்கு நோக்கிப் போய்விட்டன. ஐ.நா.வின் உள்ளூர்த் தமிழ் ஊழியர்களையும் அவர்களின் குடும்பங்களையும் வெளியேற விடாமல் மறித்தவர்கள் புலிகள். அதையும் இதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

சுயாதீனப் பத்திரிகையாளர்களுக்கும் வன்னியின் கதவு சாத்தப்பட்டது. தெற்கில் எழுதியவர்களுக்கு நடந்ததும் இதன் பகுதிதான். பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 இல் கொல்லப்பட்டார். வாகரையில் சனம் பட்டினி கிடந்ததைப் பற்றி 2006 இல் எழுதிய கட்டுரைகளுக்காக ஜே.எஸ். திசநாயகத்துக்கு 2009 ஓகஸ்ட் 31 இல் இருபது வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னாளில் மன்னிப்பில் அவர் வெளியே வந்தார். ஆனால் ஆதாரம் எழுதினால் என்ன விலை என்பதை எல்லோரும் அதற்குள் விளங்கிக்கொண்டுவிட்டார்கள்.

இனி வருவதுதான் கதையின் கரு. சாவைப் பற்றிய வாதத்துக்கு முன்னால் உயிரோடு இருந்தவர்களைப் பற்றிய வாதம் ஒன்று நடந்தது. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் தறப்பாள் கூடாரங்களுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை தொன் அரிசி, எத்தனை பெட்டி மருந்து என்று முடிவாகும். உள்ளே இருந்த அரச உத்தியோகத்தர்கள், அதாவது கிராம அலுவலர்களும் உதவி அரசாங்க அதிபரும், வழக்கம்போலக் குடும்ப அட்டை வைத்துக் கணக்கெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2009 மார்ச்சில் அவர்கள் அனுப்பிய கணக்கு ஏறத்தாழ 330,000 பேர். அதற்குக் கொழும்பு அமைச்சிலிருந்து வந்த பதில் உணவு அல்ல, ஒரு கடிதம். இந்த எண்ணிக்கை தன்னிச்சையானது, அடிப்படையற்றது, இப்படியான தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவேண்டிவரும் என்பது அதன் சாரம். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் இதைத் தன் அறிக்கையில் பதிந்தது.

அரசாங்கம் சொன்ன எண் வேறு. பெப்ரவரியில் 70,000 என்றார்கள். அந்த எண் கொழும்பில் மட்டும் நிற்கவில்லை. 2009 பெப்ரவரி 18 இல் புதுடில்லி நாடாளுமன்றத்தில் அன்றைய வெளிவிவகார அமைச்சர் பிரணாப் முகர்ஜி, சிக்கியிருக்கும் பொதுமக்கள் 70,000 அளவில் என்று அறிக்கை வாசித்தார். தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்த மாதம் அது; போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் தீக்குளித்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. ஐ.நா.வோ செய்மதிப் படங்களைப் பார்த்து இரண்டரை இலட்சத்துக்கு மேல் என்று கணித்து வைத்திருந்தது. ஏப்ரல் 27 அளவில் இடைவெளி இன்னும் கொடூரமாகியது. ஐ.நா. கணக்கில் 127,177 பேர் உள்ளே. அரசாங்கக் கணக்கில் வெறும் 10,000.

பிறகு சனம் வெளியே வந்தது. ஓமந்தையில்தான் வந்து இறங்கியது. முள்ளிவாய்க்காலிலிருந்து பேருந்துகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த வெளியில் வெயிலில் குந்தியிருந்தார்கள். உடற்சோதனை, பெயர்ப் பதிவு, தனித்தனி வரிசை. ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒரே அறிவிப்பு: இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள். தாய்மார் தங்கள் கையாலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பதிந்தால் பிறகு பிரச்சினை இல்லை என்று நம்பி. மிச்சப் பேர் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களுக்குப் போனார்கள். 2009 ஜூலை 10 வரையில் ஐ.நா. மனிதாபிமான அலுவலகத்தின் கணக்குப்படி அரச கட்டுப்பாட்டுக்குள் வந்துசேர்ந்தவர்கள் 282,380 பேர்.

இரண்டு இலட்சத்து எண்பத்திரண்டாயிரம். எழுபதாயிரம் என்று சொன்ன வாய்கள் இதற்கு என்ன விளக்கம் சொல்லின? ஒன்றும் சொல்லவில்லை. கிராம அலுவலர்களின் கணக்குத்தான் சரி என்பதை ஓமந்தைப் பதிவேடே காட்டிக்கொடுத்தது. ஆனால் எச்சரிக்கைக் கடிதம் எழுதியவர்களிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. பொய் பிடிபட்டபின் பொய் சொன்னவர் தலைகுனிவார் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம். இந்த வகை வாதத்தில் அது நடப்பதில்லை. பிடிபட்ட இடத்தைவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

உயிரோடிருப்போரின் தொகையைக் குறைத்துச் சொன்னதில் பட்டினி மட்டும் விளையவில்லை. ஒரு நிலப்பரப்பில் எழுபதாயிரம் பேர்தான் இருந்தார்கள் என்று ஊன்றிவிட்டால், அங்கே நாற்பதாயிரம் பேர் செத்திருக்க முடியாது. ஆள் சாகுமுன்பே கணக்கேட்டில் ஆளே இல்லாமற் செய்யும் வேலை அது. யாராவது ஒரு மேசையில் இருந்து இதை இப்படியே திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. விளைவு இதுதான்.

அடுத்தது வைத்தியர்கள். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களைத் தற்காலிக வைத்தியசாலையாக்கி வேலை செய்த அரச வைத்தியர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா முதலானோர். வெளியுலகத்துக்குத் தொலைபேசியில் தினமும் எண் சொன்னவர்கள் அவர்கள்தான்: இன்றைக்கு இத்தனை காயம், இத்தனை பிரேதம், மயக்க மருந்து முடிந்துவிட்டது. மே 15 இல் அவர்களும் வெளியே வந்தார்கள். கடைசியாகக் காணப்பட்ட இடம் ஓமந்தைச் சாவடியின் தடுப்பிடம். அதற்குப் பிறகு தடுப்புக்காவல். ஜூலை 8 இல் கொழும்பில் அவர்கள் செய்தியாளர் முன் கொண்டுவரப்பட்டார்கள். தாங்கள் சொன்னவை மிகைப்படுத்தப்பட்டவை, புலிகளின் வற்புறுத்தலில் சொன்னவை, செத்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே என்று அன்று சொன்னார்கள். ஓகஸ்டில் பிணையில் விடப்பட்டார்கள். பின்னாளில் நாட்டைவிட்டு வெளியேறிய வரதராஜா, அந்தப் பேச்சு மிரட்டலின்கீழ் பேசப்பட்டது என்று பகிரங்கமாகச் சொன்னார். அதே வைத்தியர்களிடமிருந்து, ஏறத்தாழ 14,000 நோயாளரையும் காயப்பட்டோரையும் அவர்களின் உறவினரையும் பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக ஏற்றிப் போயிருந்தது. அத்தனை காயக்காரருக்கு நடுவே சாவு மட்டும் சில நூறு என்றால் எந்த வைத்தியமாணவன் நம்புவான்?

இந்த அடுக்குகளின்மேல்தான் ‘பூச்சியம்’ வைக்கப்பட்டது. பொதுமக்களுக்குப் பூச்சிய இழப்பு என்பது கொள்கையாக இருந்தது என்று தொடங்கிய பேச்சு, வெற்றி விழாக்களில் ஒருவருமே சாகவில்லை என்ற தொனிக்கு வந்தது. இராணுவ வீரன் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் மனித உரிமைப் பிரகடனமும் ஏந்திப் போனான் என்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ பேசினார். 2011 ஏப்ரலில் நிபுணர் குழு அறிக்கையும், ஜூனில் சனல் 4 தொலைக்காட்சியின் படமும் வந்தபின் பூச்சியம் தாங்கவில்லை. 2011 ஓகஸ்ட் 1 இல் பாதுகாப்பு அமைச்சே வெளியிட்ட அறிக்கை, அத்தனை பெரிய சண்டையில் பொதுமக்கள் இழப்பைத் தவிர்க்க முடியவில்லை என்று ஒத்துக்கொண்டது. 2012 இல் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் வடமாகாணத்தில் எடுத்த கணக்கைக் காட்டி 9,000 பேர் அளவில் என்றார்கள். வீட்டுக்கு வீடு போய், உங்கள் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்ட கணக்கு அது. ஒரே பங்கருக்குள் முழுக் குடும்பமும் புதைந்த வீட்டில் கதவைத் திறந்து பதில் சொல்ல யார் இருந்திருப்பார்கள்? பூச்சியத்திலிருந்து சில நூறு, அதிலிருந்து ஒன்பதாயிரம். ஒவ்வொரு படியிலும் முன்னைய எண்ணை மறந்துவிட்டு, இதுதான் எப்போதும் எங்கள் நிலைப்பாடு என்ற குரலிலேயே பேச்சு நடந்தது.

எதிர்ப்பக்கத்து எண்களுக்கு வருவோம். ஐ.நா. கொழும்பு அலுவலகத்தில் ஒரு சிறிய குழு ஒவ்வொரு இறப்பையும் பல மூலங்களில் சரிபார்த்து 2009 மே 13 வரைக்கும் 7,721 சாவு, 18,479 காயம் என்று பதிந்தது. அது சரிபார்க்க முடிந்தவர்களின் தொகை. ஷெல் மழை உச்சத்திலிருந்த கடைசி நாட்கள் அதற்குள் இல்லை. ஐ.நா. அதை அன்றைக்கே பகிரங்கமாகப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, உறுதிப்படுத்த முடியாதென்று தயங்கியது. மனித உரிமை ஆணையாளர் நவநீதம் பிள்ளை மார்ச் 13 இல் 2,800க்கு மேற்பட்ட சாவுகள் என்று சொன்னபோது ஐ.நா.வுக்குள்ளேயே மறுப்பு இருந்தது. இந்தத் தயக்கத்தை நான் மன்னிக்கத் தயாரில்லை. 2012 நவம்பரில் சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக ஆய்வும் ஐ.நா. தோற்றுப்போனது என்றுதான் எழுதியது.

நிபுணர் குழு, 40,000 வரை இருக்கலாம் என்று நம்பத்தகுந்த மூலங்கள் கணிக்கின்றன என்றது. பெட்ரி அறிக்கை 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரி 8 இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் 429,059 பேர். வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? ஆயர் கேட்டது இந்தக் கேள்வியை. அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. விடை தரவேண்டியவர் அரசு என்றார். 2021 ஏப்ரல் 1 இல் அவர் கண்ணை மூடும்வரை விடை கிடைக்கவில்லை.

7,721 என்ற எண்ணுக்கு நடந்ததைக் கவனியுங்கள். இதற்குக் குறையாது என்று சொல்ல எழுதப்பட்ட தொகை, இதற்குமேல் இல்லை என்று சொல்லும் தொகையாகத் திருப்பப்பட்டது. 2017 ஒக்டோபர் 12 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் நேஸ்பி பிரபு, அன்றைய பிரித்தானியப் பாதுகாப்பு ஆலோசகரின் தந்திகளைக் காட்டி, ஏழெட்டாயிரத்துக்கு மேல் இல்லை என்று வாதாடினார். தந்தி எழுதியவரும் போர்முனைக்குள் நின்று எண்ணியவர் இல்லை. பிரெஞ்சு அறிஞர் ஜாக் எல்லுல் 1962 இல் பிரசாரத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் எச்சரித்தார்: தேர்ந்த பிரசாரம் பொய்யைவிட உண்மைத் தகவலையே அதிகம் பயன்படுத்தும், தகவல் சரியாக இருக்கும், அதைத் தூக்கிவைக்கும் இடம்தான் தவறாக இருக்கும்.

இனி வாதம் நடக்கும் விதம். வவுனியாப் பக்கம் எங்கேயும் கேட்கலாம். ஏறத்தாழ இதே ஒழுங்கில்தான் வரும்.

“நாப்பதினாயிரம் எண்டு சொல்லுறியள். ஆர் எண்ணினது?”

“சனத்தொகைக் கணக்கில குறையிறதை வைச்சுச் சொல்லுறாங்கள், அண்ணை.”

“அப்ப ஒருத்தரும் எண்ணேல்ல. சரி, பேர் விவரம் இருக்கோ?”

“இருக்கு. எங்கட குறிச்சியில மட்டும் பதினொரு பேர். பேர் சொல்லவோ?”

“பதினொண்டு எங்க, நாப்பதினாயிரம் எங்க? அதுசரி, பள்ளிக்கூடப் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போனவங்களைப் பற்றி ஏன் வாய் திறக்கிறியள் இல்லை?”

“அதையும் கதைப்பம் அண்ணை. இதை முதல் முடிப்பம்.”

“முடிஞ்சதைக் கிண்டி என்ன பிரயோசனம் தம்பி?”

இதில் எத்தனை இடமாற்றம் என்று பாருங்கள். எண்ணியவர் யார் என்று தொடங்கியது. பெயர் கேட்டது. பெயர் தருகிறேன் என்றதும் பெயர் வேண்டாம், தொகை வேண்டும் என்றது. தொகைக்குத் திரும்புமுன் எதிரியின் குற்றத்துக்குப் போனது. அதையும் பேசலாம் என்றதும் பேச்சே வீண் என்றது. ஒரு விடையையும் அது கேட்டு நிற்கவில்லை. தன் பக்கத்துக் கணக்கு என்ன என்று ஒருமுறையாவது சொன்னதா? இல்லை. எங்கள் மரபில் இதற்கு இடம் வகுத்து வைத்திருக்கிறார்கள். உண்மை தேடிப் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் வைக்காமல் எதிராளி வைத்ததை உடைப்பது மட்டுமே குறியாகப் பேசுவது விதண்டை என்று நியாய நூலார் பிரித்தார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழையான வாதங்களை வரிசையாகக் கற்பிக்கிறார். ஆனால் போலி என்பது பெரும்பாலும் புத்தியின் தவறு, காட்டினால் திருந்தக்கூடியது. விதண்டாவாதி திருந்துவதற்குப் பேச வருவதில்லை. ஐரோப்பாவில் யூத வெறுப்பாளரைப் பற்றி 1946 இல் சார்த்தர் எழுதியதும் இதுவே: தங்கள் சொல்லின் பாரமின்மை அவர்களுக்கே தெரியும், எதிரே நிற்பவரைத் தடுமாறச் செய்வதுதான் அவர்களுக்குத் தேவை.

‘எலும்பு எங்கே?’ என்பது இன்னொரு கேள்வி. முள்ளிவாய்க்கால் நிலம் போர் முடிந்து வருடக்கணக்காக ஒருவரையும் விடாமல் மூடிக்கிடந்தது. மெனிக்பாம் மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில்தான். பூட்டிய வளவுக்குள் கிடப்பதைப் பூட்டியவரே வெளியே நின்று எங்கே என்று கேட்டால் அது விசாரணை ஆகாது.

எங்கள் பக்கத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடித்தால் நானும் அதே வேலையைச் செய்தவனாவேன். உள்ளே இருந்த சனம் எல்லாம் விருப்பத்தோடுதான் நிற்கிறது என்று புலிகளின் வானொலி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், தப்பி ஓடியவர்கள்மீது புலிகள் சுட்டார்கள். வீட்டுக்கொன்று என்று தொடங்கிய பிள்ளை பிடிப்பு கடைசி மாதங்களில் வரைமுறை இல்லாமல் நடந்தது. நிபுணர் குழு இரண்டையும் எழுதியது. எங்களில் பலர் அந்த அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். மற்றப் பாதியைச் சொல்பவருக்குத் துரோகி என்ற ஒற்றைச் சொல் போதுமாக இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டதைப் பற்றிப் பேச்செடுத்தால், எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம் கொடுத்தார்கள், எவ்வளவு காசு கொண்டுபோக விட்டார்கள் என்று அதே சில்லறைக் கணக்கு வாதத்தை நாங்கள் எடுக்கிறோம். ஆயரின் 146,679 என்ற கேள்வியைக் ‘கொல்லப்பட்ட ஒன்றரை இலட்சம்’ என்று பதாகையில் எழுதுகிறோம். தலைவர் இருக்கிறார் என்ற கதையும் அப்படித்தான். 2009 மே 24 இல் புலிகளின் சர்வதேச உறவுகளுக்குப் பொறுப்பாயிருந்த செல்வராசா பத்மநாதன் பிரபாகரனின் இறப்பை ஒத்துக்கொண்டபிறகும், 2023 பெப்ரவரி 13 இல் பழ. நெடுமாறன் தஞ்சாவூரில் நின்று அவர் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார். வெளிப்படாததே உயிரோடிருப்பதற்குச் சான்று என்று பேசும் கதையை எந்தச் சான்றாலும் மறுக்க முடியாது. அப்படியான ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, எங்கள் சாவுக் கணக்கை நம்புங்கள் என்று உலகத்திடம் எந்த முகத்தோடு கேட்பது?

இந்த வாதத்தில் உண்மையாக நகர்ந்த ஒரே இடம் பெயர்ப்பட்டியல். 2009 மே 17, 18, 19 ஆகிய நாட்களில் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டுக் காணாமற்போனோரைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாகப் பட்டியல்கள் எழுதினார்கள். அவற்றை எடுத்து மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வாளர் பற்றிக் போலும், எழுத்தாளர் பிரான்சிஸ் ஹரிசனும் 2018 இல் ஒரு கணிப்பைச் செய்தார்கள். குளத்து மீனை எண்ணுகிறவர்களின் முறைதான் அதற்கும் அடிப்படை. முதலில் சில மீனைப் பிடித்து அடையாளமிட்டு விடுவது. மறுநாள் வலைபோட்டு, அகப்பட்டதில் எத்தனை முன்பே அடையாளமிட்டவை என்று பார்ப்பது. அதேபோல் இரண்டு பட்டியலில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் பட்டியல் முழுமைக்குக் கிட்ட வந்துவிட்டது. பொதுப் பெயர்கள் குறைவாக இருந்தால் எழுதப்படாதவர்கள் இன்னும் நிறைய உண்டு. அவர்கள் கண்ட விடை 503 பேர். 434 இலிருந்து 672 வரை இருக்கலாம் என்று எல்லையும் சொன்னார்கள். தொகை சிறிதாகத் தெரியலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள், ஒரே இடத்தில், கையளிக்கப்பட்டபின் காணாமற்போனவர்கள் இவர்கள். இந்தக் கணக்கை உடைப்பதற்குத் தொகையோடு மல்லுக்கட்டினால் போதாது, ஒவ்வொரு பெயராக எடுத்து இந்த மனிதர் எங்கே என்று சொல்லவேண்டும். தன் பிழையின் அளவைத் தானே சொல்லும் எண்ணோடு விதண்டாவாதம் செய்வது கடினம்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 பெப்ரவரியில் கொட்டகை போட்டுக் குந்திய தாய்மாருக்கு இது முதலே தெரிந்திருந்தது. அவர்கள் தொகை சொல்லவில்லை. படங்களை ஏந்தினார்கள்; பெயர், கையளித்த இடம், கையளித்த நாள் சொன்னார்கள். அவர்களில் பலர் விடை கேளாமலே செத்துப்போனார்கள்.

ஆகையால் வன்னியிலும் வெளியிலும் இருக்கிற என் சனத்திடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டில், ஒழுங்கையில், வகுப்பில் செத்தவர், காணாமற்போனவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்: முழுப்பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம், திகதி, கண்டவர் யார். யாருடைய குண்டில் செத்தார் என்பதையும் தெரிந்தபடி எழுதுங்கள். அது புலிகளின் குண்டாக இருந்தாலும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். பழைய குடும்ப அட்டை, முகாம் பதிவுத் துண்டு, வைத்தியசாலைச் சிட்டை எதையும் எறிந்துவிடாதீர்கள். கணக்குக் காட்டு என்று கேட்கிறவரிடம் திருப்பிக் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. 2009 மே மாதத்தில் வட்டுவாகலிலும் ஓமந்தையிலும் கையளிக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலை இலங்கை அரசு இன்றுவரை முழுமையாக வெளியிடவில்லை. அதை வெளியிடுங்கள்.